பேனாவில் கோளாறு இல்லை, கன்வெர்ட்டரைப் பாருங்கள்

அலமாரியைத் துழாவும்போது அப்பாவின் பழைய ஃபவுண்டன் பேனா ஒன்று கிடைக்கிறது. மூடியில் கீறல் இல்லை, நிப்பு மின்னுகிறது. ஆசையாக மைப்புட்டியில் முக்கி அமுக்கிப் பார்த்தால் ஒரு சொட்டு மைகூட ஏறவில்லை. “இதெல்லாம் இனி வேலைக்காகாது” என்று உள்ளே வைத்துவிடுகிறோம். அப்படி வைக்குமுன் ஒரு டீ குடிக்கும் நேரம் கொடுங்கள், விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் பேனா அல்ல. அதன் வயிற்றுக்குள் இருக்கும் கன்வெர்ட்டர்தான்.

முதலில் கன்வெர்ட்டர் எதற்கு வந்தது என்று பார்ப்போம். மை தீர்ந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகும் கார்ட்ரிட்ஜை, பிரான்சில் ஜிஃப்-வாட்டர்மேன் நிறுவனம் 1936இல் கண்ணாடியில் செய்து விற்றது. 1953இல் வாட்டர்மேனின் சி/எஃப் பேனா பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜோடு வந்தது. பார்க்கர் 1960இல் பார்க்கர் 45 பேனாவோடு இந்த வழிக்கு வந்தது. ஆனால் புட்டி மையை விட மனமில்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக, கார்ட்ரிட்ஜ் உட்காரும் அதே இடத்தில் செருகிக்கொள்ளும்படி, புட்டியிலிருந்து மையை உறிஞ்சும் ஒரு சின்ன உறுப்பைச் செய்தார்கள். அதுதான் கன்வெர்ட்டர்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு கம்பெனியும் கார்ட்ரிட்ஜின் வாயைத் தனக்கென ஓர் அளவில் வைத்துக்கொண்டது. பார்க்கருக்குச் செய்தது ஷீஃபரில் பொருந்தாது. ஷீஃபருக்குச் செய்தது பைலட்டில் பொருந்தாது. ஒரு மாடலை நிறுத்தினால் அதற்கான கன்வெர்ட்டரும் கொஞ்ச காலத்தில் நின்றுபோகும். பேனா ஐம்பது வருடம் உழைக்கிறது, உதிரிபாகம் அவ்வளவு காலம் கடையில் இருப்பதில்லை.

ஷீஃபரின் டார்கா நல்ல உதாரணம். 1976இல் வந்த பேனா. சாதாரணப் பருமனுள்ள டார்காவுக்கு இன்று கடையில் கிடைக்கும் ஷீஃபர் பிஸ்டன் கன்வெர்ட்டரே போதும். அதன் ஒல்லியான தம்பியான ‘ஸ்லிம் டார்கா’வுக்குள் அது நுழையாது. அதற்கென்று செய்த மெல்லிய கன்வெர்ட்டர் எப்போதோ நின்றுவிட்டதால், கிடைத்தால் விலை கன்னாபின்னாவென்று இருக்கும். ஷீஃபர் நிறுவனமே 1997இல் பிக் கையில், 2014இல் கிராஸ் கையில், 2022இல் பெங்களூரின் வில்லியம் பென் கையில் என்று மாறி வந்திருக்கிறது. கம்பெனி கைமாறினால் பழைய உதிரிபாகம் திரும்பி வந்துவிடாது. வாட்டர்மேன் சி/எஃப் கதையும் இதேதான். கார்ட்ரிட்ஜும் நின்றது, கன்வெர்ட்டரும் நின்றது. பார்க்கர் 45 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இன்றைய பார்க்கர் கன்வெர்ட்டரே அதில் உட்காரும்.

கன்வெர்ட்டரில் முக்கியமாக இரண்டு வகை. திருகினால் பிஸ்டன் ஏறி இறங்கும் வகை ஒன்று. உலோக உறைக்குள் ரப்பர் பை வைத்து, பக்கத்திலிருக்கும் பட்டையை அமுக்கும் வகை இன்னொன்று. பழைய பேனாக்களில் அதிகம் இருப்பது இந்த அமுக்கு வகை. வேலை செய்யும் விதம் எளிது. பட்டையை அமுக்கினால் பை நசுங்கி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். விட்டால் பை பழைய வடிவத்துக்கு உப்பும், அந்த வெற்றிடத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் மையைத் தள்ளிவிடும். ஆக, எல்லாமே அந்தப் பை உப்புவதில் இருக்கிறது. ரப்பர் பல வருடம் காற்றும் வெப்பமும் பட்டால் இறுகி, உப்பும் தன்மையை இழந்துவிடும்.

சோதிப்பது சுலபம். கன்வெர்ட்டரை நேராக, லேசாகத் திருகியபடி இழுத்துக் கழற்றுங்கள். காய்ந்த மையில் ஒட்டிக்கொண்டிருந்தால், நிப்பு இருக்கும் கழுத்துப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் ஊற வையுங்கள். வெந்நீர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் நெளிந்துபோகும். இப்போது பட்டையை அமுக்குங்கள். மெத்தென்று அமுங்கித் திரும்பி வந்தால் பை நன்றாக இருக்கிறது. அப்பளம் நொறுங்குவதுபோல் ‘நொறுக்’ என்றாலோ, வாயிலிருந்து கறுப்புத் துகள் உதிர்ந்தாலோ, பை செத்துவிட்டது. மற்றது எல்லாம் நன்றாகவே இருக்கும்.

புதுப் பை போடும் முறையைச் சொல்கிறேன். ஹேர் டிரையரின் மிதமான சூட்டைக் காட்டி, உலோக உறையையும் பிளாஸ்டிக் வாயையும் மெதுவாகப் பிரியுங்கள். சூடு உங்கள் புறங்கை தாங்கும் அளவுக்குமேல் போகக் கூடாது. மெழுகுவத்தி, லைட்டர் பக்கமே போகாதீர்கள். சிலவற்றில் உறையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அதை வம்படியாக இழுத்தால் வாய் விரிந்துவிடும், அந்த வேலையைப் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். பிரிந்ததும், பை மாட்டியிருந்த கழுத்தில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரை மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள். கத்தி வைத்தால் கோடு விழும், கோடு விழுந்த இடத்தில் மை கசியும்.

பேனாப் பைகளை எண் சொல்லித்தான் விற்பார்கள். அந்த எண் அங்குலத்தை 64 ஆகப் பிரித்த கணக்கு. 16ஆம் எண் என்றால் 16/64, அதாவது கால் அங்குலம், 6.35 மி.மீ. உலோக உறையின் உள்விட்டத்தை அளந்து, அதற்குள் உரசாமல் நுழையும் பையை எடுங்கள். பையின் வாய் கழுத்தைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால்தான் இறுக்கிப் பிடிக்கும். உறையின் நீளத்தைவிடச் சில மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள்.

ஒட்டுவதற்கு அவலரக்கு. தச்சர்கள் மரத்துக்குப் பாலீஷ் போட ஸ்பிரிட்டில் கரைக்கிறார்களே, அதேதான். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் புரச மரத்திலும் வேறு சில மரங்களிலும் வளரும் அரக்குப்பூச்சி தருவது. உலகமெங்கும் பேனா பழுதுபார்ப்பவர்கள் நம்புவது இதைத்தான். காரணம் உண்டு. மைத் தண்ணீருக்கு அது அசையாது; ஆனால் அடுத்த முறை பை மாற்ற வேண்டுமென்றால் லேசான சூட்டில் விட்டுக்கொடுக்கும். சூப்பர் குளூ பிடித்தால் விடாது. இன்னும் இருபது வருடம் கழித்துப் பழுதுபார்க்கப்போகிறவருக்கு அது செய்யும் துரோகம். கழுத்தில் அரக்கை மெல்லிய பூச்சாகத் தடவி, பையை நேராக மாட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். பையின் வெளிப்புறத்தில் துளி டால்க் பவுடர் தடவினால் உறைக்குள் ஒட்டாது.

பிறகு தண்ணீர் நிரப்பி, கன்வெர்ட்டரைப் பேனாவில் மாட்டி, நிப்பு கீழே இருக்கும்படி டிஷ்யூ தாள் போட்ட டம்ளரில் இரவெல்லாம் நிறுத்தி வையுங்கள். நிப்பு தொட்ட இடத்தில் தாள் கொஞ்சம் நனைவது இயல்பு. கழுத்திலோ உறையிலோ ஈரம் தெரிந்தால் ஒட்டு சரியில்லை, மறுபடி செய்ய வேண்டும். மை நிரப்பி சட்டைப் பையில் குத்திக்கொள்வது இந்தச் சோதனையில் தேறிய பிறகுதான்.

பிஸ்டன் வகையில் கோளாறு வேறு மாதிரி. திருகு இறுக்கமாக இருக்கும், அல்லது பிஸ்டனுக்குப் பின்னால் மை போய்த் தேங்கும். கழுவிக் காயவைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியளவு சிலிக்கான் கிரீஸை உள்சுவரில் தடவி, பிஸ்டனை நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாசலின் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். வாய் வெடித்திருந்தால் மட்டும் அதை ஒட்டவைத்துப் பயனில்லை, மாற்றுவதுதான் வழி.

எதுவுமே கிடைக்காத பேனாவுக்கும் வழி இருக்கிறது. பொருந்தும் பழைய காலிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். நன்றாகக் கழுவி, முனை மழுங்கிய ஊசி மாட்டிய சிரிஞ்சால் மையை நிரப்பிச் செருகுங்கள். வாட்டர்மேன் சி/எஃப் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். வாய் தளர்ந்து கசிகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் இங்க் ஃபில்லரால் பேனாவின் வயிற்றிலேயே மை ஊற்றிப் பழகிய நமக்கு, இதிலும் அப்படி ஊற்றினால் என்ன என்று தோன்றும். டார்கா போன்ற உலோக உடல் பேனாவில் அதைச் செய்யவே கூடாது. மை உலோகத்தை அரித்துவிடும். மை ஊற்றுவதற்கென்றே எபனைட்டில் கடைந்த பேனாவுக்கு அந்தப் பயம் இல்லை. அதேபோல, கிடைக்கும் கன்வெர்ட்டர் நுழையவில்லை என்று பேனாவின் உட்புறத்தை ராவுவது, கழுத்தைத் துளைத்துப் பெரிதாக்குவது எல்லாம் திருத்த முடியாத சேதம். மாற்ற வேண்டியது கன்வெர்ட்டரைத்தான், பேனாவை அல்ல. படம் வரையும் இந்தியன் இங்க்கையும் ஊற்றாதீர்கள். அதில் கலந்திருக்கும் அரக்கு காய்ந்தால், நிப்புக்கு அடியிலிருக்கும் கட்டை அடைத்துப்போகும்.

பை எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். பார்க்கர் 51இல் 1948இலிருந்து ‘பிளை-கிளாஸ்’ என்ற பிளாஸ்டிக் பையை உள்ளேயே நிலையாகப் பொருத்தினார்கள். அவற்றில் பல இன்றும் உப்பி மை இழுக்கின்றன. அப்படிப்பட்ட பேனா கையில் இருந்தால் பிரிக்கவே வேண்டாம், தண்ணீரால் பலமுறை கழுவினாலே போதும்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மை இழுக்காத பழைய கன்வெர்ட்டரைத் தூக்கிப்போடாதீர்கள். ரப்பர் பையை இன்றும் செய்கிறார்கள், சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. அந்த உலோக உறையையும் பிளாஸ்டிக் வாயையும் இனி யாரும் செய்யப்போவதில்லை.