நான்கு விளக்குகளும் டேவிட் வார்னரும்

விசாரணை அதிகாரியின் தலைக்குப் பின்னால் கண்கூசும் நான்கு விளக்குகள். எத்தனை விளக்குகள் என்று கைதியிடம் கேட்கிறார். நான்கு என்று பதில் வருகிறது. இல்லை, ஐந்து என்கிறார் அதிகாரி. கைதியின் உடலில் பொருத்திய கருவியிலிருந்து வலி பாய்கிறது. பிறகு மறுபடி அதே கேள்வி.

1992 டிசம்பரில் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் இரண்டு பகுதிக் கதை ஒன்றில் வரும் காட்சி இது. கைதி, கேப்டன் பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட். அதிகாரி மாட்ரெட்டாகச் சிறப்புத் தோற்றத்தில் வந்தவர் டேவிட் வார்னர். 1965இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் ஹாம்லெட்டாக மேடையேறி, பிறகு ‘த ஓமன்’, ‘டிரான்’, ‘டைட்டானிக்’ என்று படத்துக்குப் படம் முகம் மாறியவர். 2022இல் அவர் மறைந்தபோது, ரசிகர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த நான்கு விளக்குகள்தான்.

ஏன் நான்கு? கைதியின் முன் நான்கு விரல்களை நீட்டி ஐந்து என்று சொல்லவைக்கும் காட்சி, 1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் ‘1984’ நாவலிலேயே உண்டு. ஆனால் அந்த எண்ணின் பின்னால் இன்னும் பழைய அறிவியல் இருக்கிறது. வார்னர் பிறந்த மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி ஜெவன்ஸ், ஒரு பெட்டிக்குள் அவரை விதைகளை அள்ளி வீசி, விழுந்தவை எத்தனை என்று பார்த்த கணத்திலேயே சொல்லிப் பழகினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இப்படிச் செய்து, முடிவை 1871இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூன்றும் நான்கும் விழுந்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து பிழை தொடங்கியது.

நான்கு வரை நாம் எண்ணுவதில்லை, பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் மூளை எண்ண வேண்டும், அல்லது உத்தேசமாகச் சொல்ல வேண்டும். வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டியது. சிறிய எண்களுக்கு நரம்பணுக்கள் துல்லியமாகத் துடிக்கின்றன. நான்கைத் தாண்டியதும் அந்தத் துல்லியம் மங்குகிறது.

ஆக, மனிதக் கண் சந்தேகமின்றி அறியும் கடைசி எண்ணில்தான் மாட்ரெட் கை வைக்கிறார். ஏழு விளக்குகளை எட்டு என்று ஒப்புக்கொள்வது சின்னச் சறுக்கலாகக் கடந்துபோகும். நான்கை ஐந்து என்பவர் தன் கண்ணையே கைவிட வேண்டும்.

அப்படிக் கைவிட முடியுமா? 1950களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப்பின் குழு, மாணவர்களின் கண்ணையும் கையையும் மறைத்து, எந்தப் புலனுக்கும் வேலையில்லாமல் தனியறையில் படுக்கவைத்தது. நல்ல கூலி கொடுத்தும் பெரும்பாலோர் சில நாட்களுக்கு மேல் தாங்கவில்லை. பலர் இல்லாத உருவங்களைக் கண்டார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, சுற்றியிருந்தவர்களை வேண்டுமென்றே தவறான பதில் சொல்லவைத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பதில் கூட்டத்தோடு சாய்ந்தது. வலியும் இல்லை, மிரட்டலும் இல்லை.

பிக்கார்டின் உறக்கம், உணவு, உடை எல்லாவற்றையும் பறித்த பிறகே அந்தக் கேள்வியை மாட்ரெட் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வார்னர் குரலை அதிகம் உயர்த்துவதில்லை. நடுவே தன் சிறுமகளைக் கொஞ்சுகிறார், பசியில் கழிந்த தன் பால்யத்தைப் பேசுகிறார். அந்த நிதானத்துக்குப் பின்னால் ஒரு வேடிக்கையும் உண்டு. மூன்று நாள் அவகாசத்தில் வந்த வேடம் என்பதால் வசனத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. ஸ்டூவர்ட்டின் தோளுக்குப் பின்னால் எழுதி வைத்திருந்ததைப் படித்தே நடித்ததாக வார்னர் பின்னாளில் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். கைதியை ஊடுருவிப் பார்ப்பதாக நமக்குத் தோன்றும் அந்தப் பார்வை, வசனத்தைத் தேடிய பார்வை.

விடுதலையாகிப் போகும்போதும் நான்குதான் என்று கத்திவிட்டுப் போகிறார் பிக்கார்ட். ஆனால் கப்பலுக்குத் திரும்பியதும், கடைசியில் தனக்கு ஐந்து விளக்குகள் தெரிந்ததாக ஒப்புக்கொள்கிறார். ஆஷின் சோதனையில், உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை பக்கத்தில் இருந்தாலே, கூட்டத்துக்கு இணங்கும் பதில்கள் சுமார் கால் பங்காகக் குறைந்தன. மாட்ரெட்டின் அறையில் பிக்கார்டுக்கு அப்படி ஒரு துணை இல்லை.