'பாஸ் அவுட்' என்றால் படித்து முடித்ததா, மயங்கி விழுந்ததா?

"நான் 2022-ல பாஸ் அவுட் ஆனேனுங்க." ஆனைமலையில் இருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பஸ் ஏறிப் போய்ப் படித்துவிட்டு, வேலை தேடும் இளைஞர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் இது. சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனத்தில் நேர்காணல் செய்பவர் நம்மூர்க்காரர் என்றால் சிக்கல் இல்லை. வீடியோ காலில் அமெரிக்கர் இருந்தால், 'இவர் 2022-ல் மயங்கி விழுந்தாரா?' என்று குழம்பக்கூடும்.

அங்கே என்ன பொருள்?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேச்சு வழக்கில் 'பாஸ் அவுட்' என்றால் நினைவிழப்பது. வெயிலில் நின்று மயங்கினாலும், அளவுக்கு மீறிக் குடித்துச் சாய்ந்தாலும் இதே சொல்தான். அமெரிக்காவில் 'விநியோகிப்பது' என்றும் பொருள் உண்டு. வகுப்பில் ஆசிரியர் வினாத்தாளை 'பாஸ் அவுட்' செய்வார்.

அப்போ நாம சொல்றது தப்பா?

தப்பில்லை. ராணுவம், காவல்துறையில் பயிற்சி முடித்து வெளியேறுவதை பிரிட்டிஷ் ஆங்கிலமும் இப்படித்தான் சொல்லும். சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் நடப்பது 'பாசிங் அவுட் பரேடு'தான். இந்தியாவில் அந்தப் பொருள் பள்ளி, கல்லூரிக்கும் விரிந்துவிட்டது. நாட்டுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளியே போனால்தான் குழப்பம்.

இரண்டு சொல் சேர்ந்தால் ஏன் பொருள் மாறுகிறது?

தமிழிலும் அப்படித்தானே! 'விட்டுக்கொடு' என்றால் எதையோ விட்டு, எதையோ கொடுப்பதா? 'கண்டுபிடி', 'காட்டிக்கொடு' எல்லாமே தனித்தனியாகப் பிரித்தால் பொருள் கெட்டுப்போகும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'பாஸ் அவே' என்றால் காலமாவது. 'பாஸ் அப்' என்றால் வந்த வாய்ப்பை வேண்டாம் என விடுவது. சொல்லைப் பிரித்துப் பார்க்காமல், ஜோடியாகவே மனதில் வைக்க வேண்டும்.

எப்படிச் சொல்லலாம்?

பட்டப்படிப்பு என்றால், 'ஐ கிராஜுவேட்டட் இன் 2022'. ஐ.டி.ஐ., டிப்ளமோ என்றால், 'ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2022'. பயோடேட்டாவில் '2022 பாஸ் அவுட்' என்று இருந்தால் '2022 கிராஜுவேட்' என மாற்றிவிடலாம். தேர்வில் 'பாஸ்' ஆனேன் என்பதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. 'அவுட்' சேரும்போதுதான் வம்பு.

அந்த இன்னொரு பொருளையும் மறந்துவிட வேண்டாம். வெளிநாட்டில் அறைத் தோழர் திடீரென மயங்கி விழுந்து, ஆம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால், 'ஹீ பாஸ்ட் அவுட்' என்ற மூன்று சொல் போதும். மறுமுனையில் இருப்பவருக்கு உடனே விளங்கும்.