சர்க்கார் பள்ளிக்கூடம் எப்படி? பெற்றோர் ஒன்று சொல்கிறார்கள். பிள்ளைகள் வேறு சொல்கிறார்கள்!

சேலத்துக்குப் பக்கத்தில் பனமரத்துப்பட்டி என்று ஓர் ஊர். பேரூராட்சி. அருகே ஜருகுமலை. பெரிய ஏரி ஒன்றும் உண்டு. சேலம் நகரத்தின் குடிதண்ணீருக்காக 1911-ம் ஆண்டில் கட்டிய ஏரி அது. 2 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது.

ஊரைச் சுற்றிலும் பூந்தோட்டங்கள். மல்லிகை, சன்னமல்லி, அரளி! பறித்த பூ வாடுவதற்குள் சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அதனால் பூ விளையும் ஊரில் பொழுது சீக்கிரம் விடிந்துவிடும். அம்மா தோட்டத்துக்குப் போகிறாள். சில வீடுகளில் பிள்ளையும் கூடவே போகிறான். பூவைப் பறித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

எங்கே ஓடுகிறான்? அரசுப் பள்ளிக்கூடத்துக்கா? மஞ்சள் வண்டி வந்து ஏற்றிப் போகும் தனியார் பள்ளிக்கூடத்துக்கா? ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பேச்சுத்தான். தீர்மானிக்கிறவர்கள் பெற்றோர். ஏழு வருடம் அங்கே உட்காரப் போகிறவர்கள் பிள்ளைகள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் பார்ப்பது ஒன்றாக இல்லை!

பெற்றோர் சொல்வது

"சர்க்கார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வராதுங்க" என்பார்கள். இதுதான் முதல் குறை. எந்த ஊர் டீக்கடையிலும் இதைக் கேட்கலாம். "கண்டிப்பு இல்லை" என்பது இரண்டாவது. "கணக்கு வாத்தியார் போனார், வேறு ஆள் வரவில்லை" என்பது மூன்றாவது.

நிறையைச் சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். சம்பளம் கட்டவேண்டாம். புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு, பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கிறது. 11-ம் வகுப்புப் பிள்ளைக்கு சைக்கிள் கொடுக்கிறார்கள். படித்துப் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதித் தேறிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, "ஆனாலும்..." என்று இழுக்கிறார்கள்.

அந்த "ஆனாலும்" எங்கிருந்து வருகிறது? சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நாமக்கல் என்றால் முட்டை, லாரி. அதற்கு அடுத்தபடி, விடுதியோடு கூடிய பெரிய பள்ளிக்கூடங்கள்! பிளஸ் 2 பரீட்சையில் அவை மாநிலத்தில் முதல் இடங்களை அள்ளிக்கொண்டிருந்தன. தென்கோடியிலிருந்தெல்லாம் பெற்றோர் பணத்தைக் கட்டிப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். ஊரார் கேலியாக வைத்த பெயர் "பிராய்லர் பள்ளிக்கூடம்". கோழிப்பண்ணைக்குப் பெயர் போன ஜில்லா அல்லவா! தீனி போட்டு எடை ஏற்றுவதுபோல் மார்க் ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

எப்படி ஏற்றினார்கள்? 11-ம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, 12-ம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருடம் நடத்துகிறார்கள் என்ற புகார் பல ஆண்டுகள் இருந்தது. இதைத் தடுக்கவே 2017-18 கல்வி ஆண்டில் 11-ம் வகுப்புக்கும் அரசுத் தேர்வு வந்தது. அந்த 2017-ம் ஆண்டிலேயே மாநில முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் போடுவதும் நிறுத்தப்பட்டது. 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-ம் ஆண்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது கைவிடப்பட்டது. முதல் இடப் பட்டியல் போய்விட்டது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்து வளர்ந்த தகப்பனார் இன்னும் இருக்கிறார். அவர் மனத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இவை பல வீடுகளில் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்திருக்கும்.

2020-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். நீட் பரீட்சையில் தேறவேண்டும். ஆனால் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்ளேயேதான். அதற்கு முந்தைய வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடத்திலேயே 300-க்கு மேற்பட்ட இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன! 2021-ம் ஆண்டில் இதேபோன்ற ஒதுக்கீடு என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது.

2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி "புதுமைப்பெண்" திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். படிப்பு முடியும்வரை பாங்கிக் கணக்கில் வரும் என்றார்கள். 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் பையன்களுக்கும் "தமிழ்ப் புதல்வன்" என்ற பெயரில் அதே தொகை அறிவித்துத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது எது? 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. சில விலக்குகள் உண்டு. ஆனால், எட்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கவைத்துவிட்டு, "பத்தாவது வருகிறது, மார்க் முக்கியம்" என்று ஒன்பதில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றும் தகப்பனார் என்ன செய்கிறார்? பணத்தையும் கட்டுகிறார். ஏழரையையும் விட்டுவிடுகிறார்! மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் தலைமை ஆசிரியரிடம் போய், "ஏனுங்க சார், இப்போ மாத்தினால் எங்க புள்ளைக்கு எது எது போகும்?" என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இங்கிலீஷ் விஷயமும் இப்படித்தான். அரசுப் பள்ளிகளிலேயே 2012-க்குப் பிறகு ஆங்கில வழி வகுப்புகள் திறந்தார்கள். "அப்படியானால் இங்கிலீஷ் மீடியத்திலேயே சேருங்கள்" என்று பெற்றோர் உடனே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் 2010-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் நூற்றுக்கு 20 இடம் முன்னுரிமை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று பிறகு திருத்தம் செய்தார்கள். மீடியம் மாற்றினால் இந்த 20-ம் கைவிட்டுப் போகும். இங்கிலீஷ் பேசவருவது வேறு, இங்கிலீஷ் மீடியத்தில் படிப்பது வேறு. இது என் அபிப்பிராயம். பாடத்தை நெட்டுருப் போட்டு இங்கிலீஷில் எழுதிவிட்டு, ஒரு விலாசம் கேட்டால் பதில் சொல்லத் திணறும் பிள்ளைகள் எல்லா வகைப் பள்ளியிலும் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் சொல்வது

பெற்றோரைக் கேட்டாகிவிட்டது. பிள்ளைகளை யார் கேட்டார்கள்? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "ஒழுங்காகப் படிக்கிறாயா?" என்றுதான் கேட்கிறோம். "பள்ளிக்கூடம் ஒழுங்காக இருக்கிறதா?" என்று கேட்பதில்லை.

கேட்டால் மார்க்கைப் பற்றிச் சொல்லமாட்டார்கள். முதலில் கக்கூஸைப் பற்றிச் சொல்வார்கள்! முக்கியமாகப் பெண் குழந்தைகள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, யார் கழுவுகிறார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். கக்கூஸ் போகவேண்டி வரும் என்று பயந்து, காலையிலிருந்து சாயந்திரம்வரை தண்ணீரே குடிக்காத பெண்கள் எத்தனையோ பேர். வீட்டில் தாய்க்குக்கூட இது தெரியாது. இது சின்ன விஷயமா? 2012-ம் ஆண்டு அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கக்கூஸும் குடிதண்ணீரும் வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வேண்டும் என்று உத்தரவிட்டது.

இரண்டாவது, வாத்தியார். பெற்றோருக்கு நல்ல வாத்தியார் என்றால் கண்டிப்பானவர். பிள்ளைக்கு நல்ல வாத்தியார் என்றால், தெரியாததைக் கேட்டால் சிரிக்காதவர். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு உரித்துவிடுங்கள் சார்" என்று சொல்லிப் பிள்ளையை விட்டுப்போகும் பழைய தகப்பனார் இன்று அப்படிச் சொல்வதில் அர்த்தம் இல்லை. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்கிறது. மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது.

மூன்றாவது, விளையாட்டு மைதானம். நான்காவது, பஸ். சாயந்திரம் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தனி வகுப்பு வைக்கும் வாத்தியாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லமுடியாத சங்கதிகளும் உண்டு. அதற்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று ஒரு பெட்டி வைத்தார்கள். சீட்டு எழுதிப் போடலாம். 14417 என்ற டெலிபோன் எண்ணை 2018-ம் ஆண்டில் கல்வித் துறை தொடங்கியது. குழந்தைகளின் ஆபத்துக்கு 1098.

நாற்காலி ஒன்று உண்டு!

சரி, குறையை எங்கே சொல்வது? டீக்கடையில் சொன்னால் டீ ஆறும், குறை ஆறாது!

கல்வி உரிமைச் சட்டத்தில் 21-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதன்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவேண்டும். உறுப்பினரில் முக்கால் பங்கு, பிள்ளைகளின் பெற்றோர்! குழுவில் பாதிப் பேர் பெண்கள். சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் தமிழ்நாட்டில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் சேர்த்தே இந்தக் குழுக்களை அமைத்தார்கள். 2022-ம் ஆண்டில் மாநிலம் முழுவதும் புதுப்பித்தபோது 20 பேர். 2024-ம் ஆண்டில் அதை 24 பேராக்கி, பழைய மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

குழு என்ன செய்யும்? பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதும். வரும் பணம் எப்படிச் செலவானது என்று பார்க்கும். கணக்கு வாத்தியார் இல்லையா? 2022-ம் ஆண்டில் காலி இடங்களில் தற்காலிக ஆசிரியர்களை அமர்த்தும் வேலையே இந்தக் குழுக்களின் கைக்கு வந்தது! கக்கூஸில் தண்ணீர் இல்லை என்பதைத் தீர்மானமாக எழுதினால், மேலே பதில் சொல்லவேண்டிய காகிதம் ஆகிவிடுகிறது.

பெற்றோர் பள்ளிக்கூடத்துக்குள் வருவது நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். 1958-ம் ஆண்டில் கடம்பத்தூரில் ஆரம்பித்து ஊர் ஊராக நடந்தது. ஒருவர் நிலம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். கடிகாரம் கொடுத்தவர் உண்டு, கரும்பலகை கொடுத்தவர் உண்டு. ஊரார் அன்று கொடுக்க வந்தார்கள். இன்று கேட்கவும் வரலாம் என்கிறது சட்டம்.

வருகிறார்களா? பல ஊர்களில் கையெழுத்தோடு சரி. நோட்டு வீட்டுக்கே வருகிறது, அம்மா கையெழுத்துப் போடுகிறாள், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? பூந்தோட்டத்தில் வேலை செய்கிறவளுக்கு ஒரு நேரம், தறி ஓட்டுகிறவளுக்கு ஒரு நேரம், நூறு நாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நேரம். கூட்டத்தை எத்தனை மணிக்கு வைப்பது என்பதையே முதல் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். வரும்போது பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரவேண்டும். மார்க்கைப் பற்றி வேண்டாம். தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டால் போதும்.