ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் நடுங்குகிறதா? கராஜுக்குப் போகும் முன் இதைக் கவனிங்க

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவிலிருந்து சேலத்துக்குக் கிளம்புறீங்க. சில்க் போர்டு நெரிசலில் ஒழுங்காக வந்த கார், ஓசூரைத் தாண்டி வேகமெடுத்ததும் நடுங்குது. அதுவரை ஏன் தெரியலை?

காரணம், நகரத்தின் வேகம். டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கி.மீ. கடக்க சராசரியாக 34 நிமிடங்கள் ஆகிறது. அதாவது, மணிக்கு 18 கி.மீ. கூட இல்லை. சில கோளாறுகளோ 80 கி.மீ.க்கு மேல்தான் வெளியே தெரியும். எனவே, கார் எப்போது நடுங்குகிறது என்பதுதான் முதல் துப்பு.

பின்னால் வண்டி வராத இடத்தில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்க.

காலை எடுத்தாலும் நடுங்குதா?

டயரைப் பாருங்க. பேலன்சிங் போயிருக்கலாம், பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்திருக்கலாம். ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம். டயரின் பக்கவாட்டில் வீக்கம் இருந்தால் அதோடு ஹைவேயில் போகாதீங்க, வெடிக்கலாம். இதற்கு அலைன்மென்ட் மட்டும் செய்தால் போதாது. கார் ஒரு பக்கமாக இழுத்தால்தான் அது.

காலை எடுத்ததும் நின்றுவிடுதா?

முன்சக்கர இழுவை கார்களில் சந்தேகம் ஆக்ஸிலின் உள்பக்க சிவி ஜாயின்ட் மேல். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறி, மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் ஜாயின்ட் தேயும். பூட் கிழிந்த உடனே மாற்றினால் செலவு குறைவு.

இழுவை விட்டுவிட்டு வருதா?

இது மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். செக் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே பாழாக்கிவிடும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரமாகும். ஓபிடி ஸ்கேனரில் 'பி0301' என்று வந்தால், பிரச்னை முதல் சிலிண்டரில்.

முதல் கியரில் கிளம்பும்போது மட்டுமா?

அரை கிளட்சிலேயே நெரிசலில் ஊர்ந்த காரில் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் இன்ஜின் மவுன்ட்.

கராஜில் என்ன சொல்வது?

"வண்டி ஷேக் ஆகுது"ன்னு மட்டும் சொன்னால், ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க நீங்கதான் பணம் கட்டணும். எந்த வேகம், எந்த கியர், காலை எடுத்தால் நிற்குதா, இந்த மூன்றையும் சொல்லுங்க. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: டயர் கழற்றி மாட்டிய பிறகு திடீரென நடுக்கம் வந்தால், வீல் நட்டு தளர்ந்திருக்கலாம். உடனே நிறுத்தி இறுக்குங்க. அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம்னு நினைக்காதீங்க.