உதடு கிழிந்தால்

மக்களின் உடலுறுப்புகளுள் உதடு சிறியதாயினும், அது செய்யும் தொழில் பெரிது. வாயிலிட்ட உணவு சிந்தாமல் காப்பது அது. நீரை உறிஞ்சுவது அது. மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் முகத்தில் முதற்கண் புலப்படுத்துவதும் அதுவே. பேச்சிற்கும் அஃது இன்றியமையாதது. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் பொருந்துவதாற் பிறக்கின்றன என்பதையும், வகரம் பல்லும் இதழும் இயைவதாற் பிறக்கின்றது என்பதையும் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். உதடு கிழிந்து வீங்கியவன் ‘அம்மா’ என்று அழைக்கவும் இடர்ப்படுவதன் காரணம் இதுதான்.

பனிக்காலத்தில் உலர்ந்து வெடிக்கும் உதடு வேறு. அதற்குச் சிறிது நெய்யோ தேங்காயெண்ணெயோ தடவி, நாவால் அடிக்கடி நனைக்காமல் இருந்தாற் போதும். இங்குக் கூறப்புகுவது அடிபட்டுக் கிழிந்த உதட்டைப் பற்றியது.

கபடிக் களத்தில் ஒருவன் முழங்கை மற்றொருவன் வாயிற் படுகின்றது. மிதிவண்டி சறுக்கிச் சிறுமி ஒருத்தி முகங்குப்புற விழுகின்றாள். இத்தகைய வேளைகளில் உதட்டின் நிலை, உரலுக்கும் உலக்கைக்கும் நடுவே அகப்பட்ட நெல்லின் நிலையை ஒத்தது. புறத்தே வன்மையான அடி. அகத்தே கூரிய பல். பெரும்பாலும் உதட்டைக் கிழிப்பது அடித்த பொருளன்று; அடிபட்டவரின் பல்லேயாகும்.

உதடு கிழிந்தவுடன் குருதி பெருகும். முகத்தின் இருபுறத்திலிருந்தும் வரும் குருதிக் குழாய்களின் கிளைகள் ஒவ்வோர் உதட்டிலும் வந்து கூடுகின்றன. ஆதலின், நெல்லளவு கிழிசலும் சட்டையை நனைத்துவிடும். உமிழ்நீரும் உடன் கலப்பதால், சிறிது குருதியும் மிகுதியாகத் தோன்றும். கண்டோர் நடுங்குவர், ஒருவர் காப்பித்தூளுக்கு ஓடுவார், மற்றொருவர் சுண்ணாம்பைத் தேடுவார். ஆனால், இவ்வாறு குருதி மிக்கோடும் இயல்பே உதட்டுப் புண்ணை விரைவில் ஆற்றவும் செய்கின்றது. கையிலும் காலிலும் நேரும் புண்ணைவிட இது முன்னதாகவே ஆறிவிடும். ஆகவே, வழியும் குருதியைக் கொண்டு காயத்தின் கடுமையை அளத்தல் கூடாது. எந்த இடம் கிழிந்தது, எவ்வளவு ஆழம், எதனாற் கிழிந்தது என்னும் மூன்றுமே காயத்தை அளக்கும் கோல்கள்.

முதலிற் செய்ய வேண்டுவது, அடிபட்டவரை அமரச் செய்து தலையைச் சற்று முன்னோக்கிச் சாய்க்கச் சொல்லுதலாம். அண்ணாந்தால் குருதி தொண்டைக்குள் இறங்கும்; விழுங்கிய குருதி வாந்தியை உண்டாக்கும். வாயிலுள்ளதைத் துப்பிவிடுதலே நன்று. உதவி செய்பவர் தம் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு, வெளுத்த துணியை மடித்துக் கிழிந்த இடத்தில் வைத்து அழுத்துக. கிழிசல் உட்புறமாயின், உள்ளே ஒரு துணியும் வெளியே பெருவிரலுமாக உதட்டை இடுக்கிப் பிடிக்கலாம். அழுத்தம் 10 நிமிடம் இடையறாது இருத்தல் வேண்டும். நின்றுவிட்டதா என்று நொடிக்கொருமுறை துணியை எடுத்துப் பார்ப்பவர், உறையத் தொடங்கிய குருதியைத் தாமே கலைத்துவிடுகின்றார். வீட்டிற் செய்யும் பிழைகளுள் இதுவே மிகுதி. கடிகாரத்தைப் பார்த்து அழுத்துவதே தக்கது.

குருதி நின்றபின், தூய நீரால் வாயைக் கொப்பளித்து, புறத்தேயுள்ள மண்ணையும் மணலையும் மெல்லக் கழுவிவிடுக. பனிக்கட்டி கிடைத்தால் துணியிற் சுற்றிச் சில நிமிடம் விட்டு விட்டு ஒற்றலாம். வீக்கமும் வலியும் தணியும். பனிக்கட்டியைத் துணியின்றி நேரே தோலில் வைத்தல் ஆகாது. சிறு குழந்தையின் வாயில் அதனை இடுவதும் தீது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

காப்பித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், சிலந்திக்கூடு ஆகியவற்றைக் காயத்தில் அப்பும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. குருதியை நிறுத்துவது அழுத்தமே, தூள் அன்று. தூள் செய்வதெல்லாம் அழுக்கைப் புண்ணினுள் புகுத்துவதும், பின்னர்த் தைக்க வரும் மருத்துவர்க்கு வேலையை மிகுவிப்பதுமேயாம். மஞ்சளின் பெருமையை மறுப்பார் இலர். எனினும், அஞ்சறைப் பெட்டியிற் பல நாள் கிடந்து பல கை பட்ட மஞ்சட்பொடி, திறந்த புண்ணிற்கு உரியதன்று.

உட்புறத்தில் நேர்ந்த சிறு கிழிசல் பெரும்பாலும் தையலின்றியே சில நாட்களிற் கூடிவிடும். மேலுதட்டை ஈற்றோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு அறுந்தாலும் அவ்வாறே. ஆனால், உதட்டைத் தூக்கிப் பார்க்குந்தோறும் அது மீண்டும் குருதி கசியும். தூக்காமலிருப்பதே அதற்கு மருந்து. இரண்டொரு நாளில் உட்புண்ணின்மேல் வெண்ணிறப் படலம் தோன்றும். அதனைச் சீழென்று எண்ணிச் சுரண்டுவோர் உண்டு. அது புண் ஆறுதலின் அடையாளமே, தொடற்க. புளிப்பும் காரமும் சூடும் ஒழித்து, குழைந்த சோறு, ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இட்டிலி முதலியவற்றை உண்டு, உண்டபின் வெதுவெதுப்பான உப்புநீராற் கொப்பளித்தாற் போதும்.

இனி, மருத்துவரை நாட வேண்டிய காயங்கள் எவை? கண்ணாடியில் உதட்டைப் பார்த்தால், செந்நிறப் பகுதியும் முகத்தோலும் கூடுமிடத்தில் ஒரு கோடு தெளிவாகத் தோன்றும். அக்கோட்டைக் கடந்து செல்லும் கிழிசல், குருதி சிறிதும் வழியாமல் அமைதியாக இருந்தாலும், மருத்துவரிடம் காட்டற்குரியது. அக்கோடு ஒரு மில்லிமீட்டர் விலகிக் கூடினாலும், அக்கோணல் வாழ்நாள் முழுவதும் முகத்தில் நிற்கும். தேர்ந்த மருத்துவர் முதல் தையலை அக்கோட்டின்மீதே இட்டு இருபுறத்தையும் நேர்ப்படுத்துவர். சட்டை நனையக் குருதி வழிந்த உட்காயம் வீட்டிலேயே ஆறிவிட, துளிக் குருதியே வந்த இக்காயம் மருத்துவமனையை வேண்டுவது வியப்பன்றோ!

உதட்டை ஊடுருவி மறுபுறம் வெளிப்பட்ட கிழிசலும், வாய் பிளந்து நிற்கும் கிழிசலும், 10 நிமிடம் விடாது அழுத்தியும் குருதி நில்லாத காயமும் இவ்வகையினவே. இவற்றை நாளைக்குப் பார்க்கலாம் எனத் தள்ளுதல் கூடாது; நேரம் செல்லச் செல்லப் புண்ணில் நோய்க்கிருமிகள் பெருகும். சில மணி நேரத்திற்குள் தைப்பதே நன்று.

பற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உடைந்த பல்லின் துணுக்கு எங்கும் காணப்படாவிட்டால், அது வீங்கிய உதட்டினுள்ளேயே புதைந்திருக்கலாம், மூச்சுக்குழலினுள்ளும் சென்றிருக்கலாம். நிலைப்பல் முழுதும் விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, குளிர்ந்த பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் கொண்டு செல்க. மீண்டும் பொருத்துதல் கூடும். பாற்பல்லுக்கு இது வேண்டுவதில்லை.

வாயை மூடும்போது பல்வரிசை முன்போற் பொருந்தவில்லையெனின், தாடையெலும்பு முறிந்திருத்தல் கூடும். அடிபட்டவர் மயங்கினாலும், பலமுறை வாந்தியெடுத்தாலும், மூச்சுவிட இடர்ப்பட்டாலும், உதட்டை மறந்து உயிரை நினைத்து 108 என்னும் எண்ணிற்கு உடனே தொலைபேசியிற் கூறுக. நாய் முதலிய விலங்கு கடித்த காயமாயின், அஃது எவ்வளவு சிறிதாயினும் 15 நிமிடம் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனை செல்க. முகத்திற் கடியுண்டவர்க்கு வெறிநாய்க்கடி நோய் மூளையை விரைந்து எட்டும். நோய் தோன்றியபின் பிழைத்தல் அரிது. மண்ணும் அழுக்கும் படிந்த காயத்திற்கு, இரணசன்னித் தடுப்பூசி கடைசியாக எப்பொழுது போடப்பட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது 10, 16 வயதுகளில் போடப்படுகின்றது.

தையல் என்றவுடன் அஞ்சுவோர் பலர். தையல் புதிய கலையன்று. போரிற் பட்ட புண்ணை நெடிய வெண்ணூசியால் தைத்த வடுவைத் தாங்கிய மறவர் மார்பைப் பரணர் பதிற்றுப்பத்தில் பாடியுள்ளார். அம்மறவர்க்கு இல்லாத ஒரு பேறு இக்காலத்தார்க்கு உண்டு. ஊசி மருந்தால் உதட்டை மரக்கச் செய்த பின்னரே தைக்கின்றனர். அம்மரப்பு நீங்கும் வரையில் எதனையும் மென்று உண்ணல் ஆகாது. உணர்விழந்த உதட்டை உணவென்று கடித்துக்கொள்ள நேரும். வாயினுள் இட்ட இழை பெரும்பாலும் தானே கரைந்துவிடும். வெளியே இட்டதை ஏறத்தாழ 5 நாட்களில் மருத்துவர் நீக்குவர். இரண்டாம் நாளுக்குப்பின் வீக்கம் குறையாமல் ஏறினாலும், சீழ் வடிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், குறித்த நாளுக்குக் காத்திராமல் மீண்டும் செல்லுதல் வேண்டும். குழலும் நாகசுரமும் பயிலும் மாணவர், தையல் பிரித்த மறுநாளே கருவியை வாயில் வைக்காமல், மருத்துவர் இசைவு தரும் வரையில் பொறுத்திருத்தல் வேண்டும்.