கடிக்கிற சாதி

குருநகர் இறங்குதுறையில் வலைகளினிடையே திரிந்த நாய்க்குட்டி ஒன்றைச் சென்ற ஆண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெட்டைக்குட்டி. நம்மூரிற் பெட்டையாகப் பிறந்த குட்டியைக் கண் திறக்குமுன்பே சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுவிடுவோரும் உளர்.

மூன்று மாதம் குழைந்து விளையாடிய அக்குட்டி, ஒருநாள் தலையைத் தடவிய தங்கையின் மகளைப் பார்த்துச் சீறிற்று. பல் படவில்லை. ஆயினும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "தம்பி, இது கடிக்கிற சாதி. கொண்டுபோய்த் துறையிலையே விட்டிட்டு வா."

அம்மாவை நான் குறைகூறேன். நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசியைப் பாஸ்டர் 1885இலேயே மனிதருக்கு ஏற்றிக் காட்டினார். எனினும் நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் இன்றும் அரிதினும் அரிது. ஆனால், கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் ஊரே இடம்பெயர்ந்த இரவில், நாங்கள் கட்டவிழ்த்துவிட்ட நாய் வீதிமுனைவரை எங்களைப் பின்தொடர்ந்து வந்தது. அன்று வேறு வழி இருக்கவில்லை.

மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுசென்றேன். அவர் உடனே அதைத் தொடவில்லை. நிலத்தில் உட்கார்ந்து, வேறெங்கோ பார்த்தபடி, "மாஸ்டர், எந்தப் பக்கம் தொட்டால் சீறுது?" என்றார். இடப்பக்கம் என்றேன். குட்டி தானாக அருகில் வந்து முகர்ந்தபின் மெல்லக் காதுமடலை உயர்த்திக் காட்டினார். உள்ளே உண்ணிகள், சீழ். எங்கள் வீட்டிற் குணமென்று பேசப்பட்டது வெறும் நோவு!

காதுக்கு மருந்து தந்தார், தடுப்பூசி ஏற்றினார், கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார். உறுமினால் அடிக்கலாமா என்று கேட்டேன். "உறுமல் எச்சரிக்கை. அதை அடிச்சு நிப்பாட்டினால், அடுத்தமுறை சொல்லாமற் கடிக்கும்" என்றார். குட்டிகள் உலகத்தோடு பழகுங் காலம் 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையே என்பதையும் அவர் விளக்கினார். அமெரிக்க ஆய்வாளர் ஸ்கொட், புல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலிலும் இச்செய்தி உண்டு. தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டு முந்திப் பிரிந்த குட்டிக்கு, எவ்வளவு மெதுவாகக் கவ்வவேண்டுமென்பதே தெரியாதாம். சாக்கிற் கட்டுவோர் இதை அறிவாரோ?

இரண்டு கிழமையிற் காது ஆறிற்று. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாதென்று மருமகளுக்குப் பழக்கினோம்.

யூலை 25, புனித யாகப்பர் திருநாள். வெடிச்சத்தங் கேட்டதும் குட்டி நடுங்கிக்கொண்டு கட்டிலின் கீழ் ஒளிந்தது. வெளியே இழுக்கப் போனேன்.

"விடு தம்பி, பயந்துபோய்க் கிடக்கு" என்றார் அம்மா. பழஞ்சேலை ஒன்றை மடித்துக் கட்டிலின் கீழே தள்ளிவிட்டார்.