தோட்டத்துச் சாளையில் விருந்தினர் உபசாரம்

விருந்தினரை உபசரித்தல் குடியானவர் வீட்டின் முதற் கடமைகளில் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. திருக்குறளில் இதற்கென்று ஓர் அதிகாரமே வகுக்கப்பட்டிருக்கிறது. ஊர் நடுவே வசிப்பவருக்கு இக்கடமை அவ்வளவு சிரமமானதன்று. அரிசி போதாவிடில் அடுத்த வீட்டில் கைம்மாற்று வாங்கலாம். காய்கறிக்குக் கடை உண்டு. கொங்கு நாட்டில் காங்கயம், தாராபுரம், மூலனூர் முதலிய பகுதிகளில் பல குடும்பங்கள் ஊரை விட்டு விலகித் தத்தம் தோட்டத்துச் சாளைகளிலேயே வசிக்கின்றன. அவ்விடங்களில் அக்கம்பக்கத்து வீடு என்பது நாலைந்து காடுகளுக்கு அப்பால் இருக்கும். பொழுது சாய்ந்த பின் பத்துப் பேர் வந்து இறங்கினால், சாளையில் உள்ளதைக் கொண்டே இலை போட்டாக வேண்டும். ஆகவே, ஒதுக்குப்புறத்தில் விருந்தோம்பல் என்பது சமையலறைக் காரியம் மட்டுமல்லாமல், பண்ணை நிர்வாகத்தில் ஒரு பகுதியும் ஆகும்.

விதையில் கை வைத்த கதைகள்

விதைத் தினையை உரலிலிட்டுக் குற்றி விருந்தினருக்குச் சமைத்த இல்லாளைப் புறநானூறு காட்டுகிறது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார், மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்காக, அன்று வயலில் விதைத்த முளைநெல்லை வாரி வந்தார். விறகில்லாமையால் கூரையின் கொம்புகளை அறுத்துக் கொடுத்தார். குழியிலிருந்த கீரையைப் பறித்துக் கறிக்குத் தந்தார். அவர்தம் பக்தி போற்றத்தக்கது. ஆயினும் நிலமுடையவர் இச்சரித்திரத்தில் வேறொன்றையும் கவனிக்கலாம். அன்று அவ்வீட்டில் இல்லாதவை மூன்று: தானியம், காய்கறி, விறகு. இம்மூன்றையும் முன்னதாகவே ஒதுக்கி வைப்பவருக்கு விதையைத் தொடும் அவசியம் நேராது.

தானியம்

ஓர் இரவில் இருபது பேருக்குச் சோறு ஆக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 150 கிராம் வீதம் 3 கிலோ அரிசி வேண்டும். நெல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே அரிசியாவதால், இதற்கு 4½ கிலோ நெல் செலவாகும். குறுகிய கால நெல்லுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்பது கணக்கு. ஆகவே அந்த நெல் விதைக் குதிரிலிருந்து எடுக்கப்பட்டதாயின், 18 சென்ட்டுக்கு மேற்பட்ட நிலத்தின் விதை ஒரே வேளையில் தீர்ந்துவிடும். பின்னர் அதற்கு ஈடாகச் சந்தையில் ஏதோ ஒரு நெல்லை வாங்கி விதைத்தால் கலப்பும் நேரும், முளைப்பும் நிச்சயமில்லை. விதைக் கடலையை வறுத்து வந்தவர் முன் வைப்பதிலும் இதே நஷ்டம் உண்டு.

இக்காலத்தில் இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. கடைகளிலும் விதைக் கிடங்குகளிலும் விற்கப்படும் விதைகளில் பலவற்றுக்குப் பூஞ்சாண மருந்து கலந்து, அடையாளத்துக்குச் சாயமும் ஏற்றியிருப்பார்கள். அத்தகைய விதையை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. மனிதருக்கும் கொடுக்கலாகாது, கோழிக்கும் போடலாகாது.

இவற்றைத் தவிர்க்க, அறுவடையன்றே விருந்துக்கென ஒரு மூட்டை நெல்லை ஒதுக்கி வைத்தல் சிலாக்கியமானது. மாதம் இரு முறை எட்டெட்டுப் பேர் வந்து ஒரு வேளை உண்பதாகவும், நோன்பிக்கு நாற்பது பேர் வருவதாகவும் கொண்டால், ஆண்டில் 232 சாப்பாடு ஆகும். அதற்கு வேண்டிய அரிசி சுமார் 35 கிலோ. நெல் சுமார் 52 கிலோ. 75 கிலோ மூட்டை ஒன்று இதற்குப் போதுமானதுடன் மிச்சமும் இருக்கும். உணவு நெல்லை ஈரப்பதம் நூற்றுக்கு 14க்கு மேற்படாமலும், விதை நெல்லை 13க்கு மேற்படாமலும் உலர்த்தி, இரண்டையும் வெவ்வேறிடத்தில் வைக்க வேண்டும். துவரை, பச்சைப்பயறு முதலியவற்றில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை ஆமணக்கெண்ணெய் தடவி வைத்தால் வண்டு விழுவது குறையும்.

காய்கறி

கிணற்றடியில் நீர் வடியும் இடத்தில் இரண்டு சென்ட்டு நிலம் போதும். இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை, ஒரு சுண்டை, பந்தலில் அவரை, பாத்தியில் கீரை ஆகியவை இருந்தால் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒன்று கைக்கு வரும். பெரியகுளத்தில் 1989ல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். முற்றிய அரசாணிக்காயைக் காம்புடன் பறித்து, காற்றாடும் பரண் மீது ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் இரண்டு மூன்று மாதம் கெடாது. சின்ன வெங்காயத்தையும் இவ்வாறே காற்றோட்டமாக வைத்தல் வேண்டும். கோடையில் சுண்டை, கொத்தவரை வற்றல்களையும் மோர் மிளகாயையும் போட்டு வைத்தால் ஐப்பசி மழையிலும் கறிக்குக் குறைவிராது.

இப்பாத்தியில் பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது. விருந்தினர் வந்துவிட்ட அவசரத்தில், இரண்டு நாள் முன்பு மருந்தடித்த கத்தரிக் காட்டில் காய் பறிப்போர் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே விட வேண்டிய நாட்கள் அதன் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்கள் கழியாத காயை விருந்தினர் இலையில் இடுவது உபசாரமாகாது.

விறகு

விறகு தீர்ந்தால் வறட்டியை எடுத்து எரிப்பது வழக்கம். அது வயலுக்குரிய எருவை எரிப்பதே ஆகும். பருத்திமார், துவரைமார், தென்னை மட்டை, வெள்வேல மரத்தின் கழித்த கிளைகள் ஆகியவற்றை மழைக்கு முன்பே கூரையின் கீழ் சேர்த்து வைத்தால் வறட்டி தட்டும் அவசியமில்லை. நாலைந்து மாடுகள் உள்ளவர்கள் 2 கன மீட்டர் அளவுள்ள சாண எரிவாயுக் கலம் அமைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணம் கரைத்து ஊற்றினால் ஒரு குடும்பத்தின் சமையலுக்கு வேண்டிய வாயு கிடைப்பதுடன், கழிவும் நல்ல எருவாகும். சிலிண்டர் உபயோகிப்போர் நிறைந்த சிலிண்டர் ஒன்றைக் கையிருப்பில் வைத்திருத்தல் நலம்.

நீரும் பாலும்

தோட்டத்துத் திறந்த கிணற்று நீர் வீட்டாருக்குப் பழகியதாயினும் வந்தவருக்கு ஒத்துக்கொள்ளாமற் போகலாம். தளதளவென்று ஒரு நிமிஷமேனும் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். பூச்சிமருந்து வந்த டப்பாவை எவ்வளவு விளக்கினும் நீருக்கோ எண்ணெய்க்கோ பாலுக்கோ உபயோகிக்கலாகாது.

மாடு ஈன்ற சமயத்தில் வந்தவருக்குச் சீம்பால் காய்ச்சித் தருவது பிரியமான வழக்கம். ஆனால் அது முதலில் கன்றின் பங்கு. ஈன்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பாலைக் குடிக்க வேண்டும். முதல் நாளில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கிடைக்க வேண்டும். அதற்கு மிஞ்சியதே விருந்துக்கு உரியது.

சமையல்

முன்னறிவிப்பின்றி வருவோருக்குப் பலவகைக் கறிகள் செய்ய முற்படுவதால், வீட்டுப் பெண்மக்கள் நாள் முழுவதும் களையெடுத்த களைப்போடு பாதி இரவு அடுப்படியில் நிற்க நேருகிறது. கொங்கு நாட்டார் நெடுங்காலமாகக் கையாளும் அரிசியும் பருப்பும் சாதம் இதற்கு ஏற்றது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு சேர்த்து, சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய் இட்டு ஒரே பாத்திரத்தில் ஆக்கலாம். நெய்யும் மோரும் வற்றலும் சேர்ந்தால் குறை சொல்ல இடமிராது. சந்தகை, ஒப்புட்டு முதலியவற்றை முன்கூட்டிச் சொல்லி வருவோருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டுவது

தோட்டங்களுக்கு வருவோரில் உறவினர் அல்லாதாரும் உண்டு. கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் 1980ல் நீக்கப்பட்ட பின், பயிர்க் கணக்கெடுக்கக் கிராம நிர்வாக அலுவலர் வருகிறார். பிற இலாகாக்காரரும் வருகின்றனர். வரும் நாளை முதல் நாளே தெரிவித்தலும், உணவு வேளையைத் தவிர்த்து வருதலும், பிரியமாக இட்டதை மட்டும் ஏற்று, கோழியோ காயோ கேட்டுப் பெறாதிருத்தலும் உத்தியோகஸ்தருக்கு அழகு. குடியானவர் மரியாதைக்கு அஞ்சி இல்லையென்று சொல்லமாட்டார் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

விருந்து மூட்டையைத் தனியே வைத்திருக்கும் வீட்டில், நள்ளிரவில் நாய் குரைத்தாலும் யாரும் கலங்க வேண்டியதில்லை. விதைக் குதிரின் வாய் மூடியபடியே இருக்கும், கடனும் ஏறாது. இவ்வாண்டு களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே விதை மூட்டைக்கும் விருந்து மூட்டைக்கும் வெவ்வேறு அடையாளமிட்டு, எது எங்கே இருக்கிறதென்பதை வீட்டார் அனைவருக்கும் சொல்லி வைப்பாராக.